உடைந்த பாலத்தடிக் கசம்

போன வாரம் அடையாறு சிக்னலைத் தாண்டியதும் வண்டியின் பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. தள்ளிக்கொண்டே பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஆணியைப் பிடுங்கினார், ஓட்டையில் பிசுபிசுவென்று ஒரு திரியைச் சொருகினார், நுனியை வெட்டினார், காற்றடித்தார், அவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டி இல்லை, குமிழி தேடுவது இல்லை. "டியூப்லாம் எங்க சார் போச்சு?" என்று நானாகவே கேட்டேன். "லாரிக்கே இப்போ டியூப்லெஸ்தான் சார்" என்றார். ஆனால் அந்தத் திரியில் தடவிய சொல்யூஷன் இருக்கிறதே, அது மட்டும் பழைய வாசனைதான். மூக்கில் ஏறி மண்டையில் கிர்ரென்று ஒரு சுற்று சுற்றும்.

அந்த வாசனை எனக்குப் பஞ்சரை ஞாபகப்படுத்தாது. கொடுவா மீனைத்தான் ஞாபகப்படுத்தும். ஏன் என்று சொல்கிறேன்.

அப்போது தி.நகரில் ஒரு யூபிஎஸ் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான். நைனா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததும் எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை பரவிவிட்டது: படித்த பிள்ளை எதையும் ரிப்பேர் பண்ணுவான். மிக்ஸி வரும், டார்ச் லைட் வரும். ஒரு அக்கா தையல் மிஷினையே தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கும் தெரியாது என்று சொல்ல வாய் வராது. திறந்து பார்ப்பேன். பாதி சமயம் திறந்ததே ரிப்பேர் மாதிரி ஆகி ஓடும். மீதி சமயத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

கடையின் லோடு ஆட்டோவை ஓட்டியவன் குமார். என் வயதுதான். ஊரூர் மீனவர் குப்பத்துக்காரன். கடல் வேண்டாம் என்று அவன் அம்மா வேலைக்கு அனுப்பியிருந்தார்; அவன் புத்தியோ முழுக்கக் கடலில். ஆட்டோ ஓட்டும்போதுகூட காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருவான். பாண்டி பஜார் நெரிசலில் அதைத் தெரிந்து நான் என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் லாரி டியூப்பில் உட்கார்ந்து மீன் பிடிப்பான். முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, அடையாற்றின் நடுவில் உடைந்து நிற்கிறதே பழைய பாலம், அதன் அடியில். ஒருநாள் அங்கே பெரிய கொடுவா ஒன்று தூண்டிலைக் கடித்து, நேரே கீழே இறங்கி, தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். "கீழ எறங்குச்சு மச்சி. எறங்கிக்கினே போச்சு. அங்க ஒரு கசம் கீது." ஆற்றுக்குள் திடீரென்று ஆழமாகிற பள்ளத்தைத்தான் கசம் என்பார்கள்.

குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. தண்ணீர் வற்றும்போது அந்தப் பக்கம் முட்டியளவு சேறு என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முக்கியமாக அவனுடைய அக்கா புருஷன் முனுசாமி மாமா நம்பவில்லை. அவருக்குச் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு, குப்பத்து வாயில் 'போட்டு', இருந்தது. அதில் ஏறிவிட வேண்டும் என்பதுதான் குமாருடைய ஒரே ஆசை. கேட்டபோது மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "முட்டியளவு தண்ணில கசம் கீதுன்றான். இவன் வார்த்தைய நம்பி நான் எங்க வலை எறக்குறது? ரோட்டுலயா?" அன்றிலிருந்து குப்பத்தில் அவன் பெயர் கசம். "இன்னா கசம், சாப்டியா?" "கசம் வருது, வழி வுடு, வுழுந்துடப் போற."

கடையில் டீ குடிக்கும்போது இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் டீயை முடிக்கவில்லை.

எனக்கு அந்த மீனைவிடப் பள்ளம்தான் மனதில் உட்கார்ந்துகொண்டது. தினமும் பஸ்ஸில் கடந்து போகிற ஆறு. மூக்கைப் பொத்துகிறோமே தவிர, கீழே என்ன இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா? சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் பழைய எலக்ட்ரானிக்ஸ் சாமான்களை மூட்டையாகக் குவித்து விற்கிற கடைகளுக்கு ஸ்பேர் வாங்கப் போவேன். அங்கே ஒரு குவியலில் கிடந்தது சோனார். உள்ளங்கை அளவு திரை, ஒயரின் நுனியில் சோப்புக்கட்டி மாதிரி ஒரு கறுப்புக் கட்டை. அந்தச் சோப்புதான் தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்துத் திரை ஆழம் சொல்லும். நடுவில் ஏதாவது குறுக்கிட்டால் மீன் படம் காட்டும். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வீங்கியிருந்தது. மாற்றினேன். யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைக் கொடுத்ததும் கண் விழித்தது. பேட்டரியை என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடியைச் சுற்றி எம்-சீல் அப்பினேன். அந்த மாதம் முழுக்க அம்மா எனக்குச் சாப்பாட்டைப் பாலித்தீன் கவரில் கட்டித் தந்தார்.

டியூப்புக்கு சைதாப்பேட்டையில் ஒரு லாரிப் பட்டறைக்குப் போனோம். பழைய டியூப் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒட்டுப் போட்ட இடங்கள் அம்மைத் தழும்பு மாதிரி. சொல்யூஷன் வாசனையோடு மேலும் நாலு ஒட்டு. நடு ஓட்டையில் பழைய வலையைப் பின்னி உட்காரும் இடம். உட்கார்ந்தால் இடுப்புவரை தண்ணீரில், கால் தொங்கும். காலால் அடித்துத்தான் நகர வேண்டும். அதற்கு லாரி மட்கார்டு ரப்பரைத் துடுப்பு மாதிரி வெட்டிச் செருப்போடு கட்டினான் குமார். அவன் இடது காலில் 'நன்றி' என்று எழுதியிருந்தது.

எனக்கு நீச்சல் தெரியாது. அதனால் இரண்டு டியூப்பையும் ஒரே கயிற்றால் கட்டிக்கொண்டோம். ஒரு ஞாயிறு காலை, கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற நேரத்தில் இறங்கினோம். ஏற்றத்தில் ஆறு கொஞ்சம் சுத்தமாக, கொஞ்சம் பச்சையாக இருக்கும். மடியில் திரை. சோப்பு என் டியூப்புக்குக் கீழே.

பத்தடி போவதற்குள் கத்திவிட்டேன். "மச்சி! மீன்! பெருசு!"

திரையில் நீளமாக ஒரு மீன். பக்கத்தில் இன்னொன்று. இரண்டடி ஆழத்தில், எனக்கு நேர் கீழே. நாங்கள் நகர்ந்தால் அவையும் நகர்ந்தன. நின்றால் நின்றன. ஜோடியாகவே வந்தன. நான் சத்தத்தின் வேகம், எதிரொலி என்றெல்லாம் குமாருக்குப் பாடம் எடுத்தேன். அவன் உயிர் இறாலை மாட்டி என் டியூப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டான். ஒன்றும் கடிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது.

"மச்சி, கால மேல தூக்கு" என்றான் திடீரென்று.

தூக்கினேன். மீன்கள் மறைந்தன.

"எறக்கு."

வந்தன.

குமார் சிரித்த சிரிப்பில் இரண்டு டியூப்பும் ஆடின. "காலைலேருந்து உன் காலுக்கு நான் இறா போட்டுக்கினு கீறேன்டா டேய்!"

அடுத்த வாரம் சோப்பை ஒரு பிவிசி பைப்பின் நுனியில் கட்டி, காலுக்கு எட்டாத தூரத்தில் முன்பக்கம் நீட்டினேன். இந்த முறை திரையில் மீன் இல்லை. தரை மட்டும். நாலடி, நாலடி, ஐந்தடி, நாலடி. பாலத்தின் தூண் பக்கம் போனோம். குமார் காட்டிய இடத்தில் அதே நாலடி. அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "மாமா சொன்னது கரெக்ட்டா மச்சி?" என்றான். நான் காலை அடித்தேன். ஏன் அந்தப் பக்கம் திரும்பினேன் என்று தெரியாது, நீரோட்டம் தள்ளியிருக்கலாம். தூணைச் சுற்றிக் கடல் பக்கம் வந்ததும் திரையில் தரை சரிந்தது. ஆறு. ஒன்பது. கோடு இறங்கிக்கொண்டே போனது. பதினைந்து அடியில் நின்றது. அதன் ஓரத்தில் நாலைந்து மீன் படங்கள்.

திரையை அவன் பக்கம் திருப்பினேன்.

அவன் அதை ஒருமுறை பார்த்தான். இறாலை இறக்கினான். கயிறு கட்டியிருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். அதனால் கொடுவா கடித்து இழுத்தபோது அவன் டியூப்பு நகர, பின்னாலேயே என் டியூப்பும் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு போனது. ஒரு மீன் இழுத்து நான் ஆற்றில் ஊர்வலம் போவேன் என்று யார் நினைத்தார்? ஒரே ஒரு முறை வெள்ளியாகப் புரண்டு காட்டியது. பிறகு தூணில் ஒட்டியிருந்த சிப்பியில் நரம்பு உரசி, அறுந்தது.

மீன் போய்விட்டது. ஆனால் கசம் இருந்தது. ஈரத்துணியோடு குப்பத்துக்கு ஓடினோம். முனுசாமி மாமா வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, திரையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வீடியோ கேம்ல காட்டுனா நம்பிடணுமா தம்பி?"

"வந்து பாருங்க மாமா" என்றேன்.

"மூஞ்சிக்கு நேரா சொல்றேன், அங்க கசம் இல்ல. இருந்தா இவன் நாளைக்கே என் போட்டுல ஏறட்டும்."

கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்புறம் அவரால் பின்வாங்க முடியவில்லை. ஈயக்குண்டு கட்டிய கயிற்றில் இரண்டு ஆள் உயரத்துக்கு மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டார். "முட்டியளவு தண்ணிக்கு இதே ஜாஸ்தி."

மாமா கொஞ்சம் கனமான ஆள். அவர் உட்கார்ந்ததும் என் டியூப்பு பிதுங்கி, சோற்றுப் பானை மேல் மூடி மாதிரி ஆகிவிட்டது. கடலில் பாதி வயதைக் கழித்தவர், டியூப்பில் சாய்ந்து "டேய், டேய், புடிடா" என்று குமாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் கரையோரமாக, இடிந்து கிடந்த பாலத்துக் கல்லில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூணின் கடல் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். மாமா குண்டை விட்டார். கயிறு போனது. போய்க்கொண்டே இருந்தது. கயிறு முடிந்ததும் அவர் கை தண்ணீருக்குள் போனது. முழங்கை போனது. தோள்வரை போனது. கன்னம் தண்ணீரைத் தொட, அப்படியே கொஞ்ச நேரம் ஆற்றுக்குக் காது கொடுக்கிறவர் மாதிரி சாய்ந்திருந்தார்.

பிறகு கயிற்றை மேலே இழுத்தார், நிதானமாகச் சுருட்டினார். "நீரோட்டம். கயிறு சாயுது. ஒண்ணியும் தெரில" என்றார்.

 அன்றைக்குக் குமார் டியூப்பின் காற்றைப் பிடுங்கி மடித்த விதத்தை என்னால் மறக்க முடியாது. மறுநாள் கடையில் ஆட்டோ நின்றிருந்தது, ஆள் வரவில்லை. மதியம் குமாரிடமிருந்து போன் வந்தது. பின்னால் இன்ஜின் சத்தம். விடியலில் மாமா போட்டைத் தள்ளும்போது திரும்பிப் பார்க்காமலே சொன்னாராம்: "டேய் கசம், இன்னா வேடிக்க பாத்துக்கினு கீற? ஏறு." காரணம் சொல்லவில்லை. அப்புறமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பெரிய வெள்ளம் வந்தது. ஆறு ஊருக்குள் வந்து போன அந்த வெள்ளம் கீழே எதை எங்கே நகர்த்தியது என்று யார் பார்த்தார்கள்? லாரிப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

பஞ்சர் போட்ட அன்று, அந்த வாசனை மூக்கில் இருக்கும்போதே, குமாருக்குப் போன் பண்ணினேன். "ஞாயித்துக்கெழம வா மச்சி" என்றான். "எங்க போட்டுல புதுசா வந்த பசங்க, ஏன்ணே உன்ன கசம்னு கூப்புடறாங்கன்னு கேக்கறானுங்க. சொன்னா சிரிக்கிறானுங்க. நீ படிச்சவன், நீ சொன்னா நம்புவானுங்க."

போனேன். தூண் அப்படியே நிற்கிறது. அதன் கடல் பக்கம் மணல்திட்டு. மேலே இரண்டு காக்காய் நடந்துகொண்டிருந்தன. நான் பேன்ட்டை மடித்துவிட்டு நடந்தே போனேன். முட்டிகூட நனையவில்லை. அந்த இடத்தில் நின்று, "இங்கதான்" என்றேன். அந்தப் பசங்கள் என் காலைப் பார்த்தார்கள். கணுக்காலளவு தண்ணீர். படித்தவன் வார்த்தைக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்தத் தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தது.

"இங்கியா? எவ்ளோ ஆழம்ணா?" என்றான் ஒருவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு. குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

எங்கள் கூடவே வந்து கரைக்கல்லில் உட்கார்ந்திருந்தார் முனுசாமி மாமா. இப்போதெல்லாம் கடலுக்குப் போவதில்லை. யாரையும் பார்க்காமல், வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"என் கயிறு பத்தல."