பார்க்கவில்லை என்று எழுதியவன்

கையெழுத்துக்குப் பயந்து ஓடிப்போனவன் என்று சலவைக்கடைக்காரி வாய் கூசாமல் சொல்கிறாளே, அவன் ஓடவில்லை. நடந்துதான் போனான். தண்ணீர் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனான். ஓடுகிறவன் நின்று தண்ணீரா குடிப்பான்?

நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும். கடலுக்கு நடுவே இரும்புக்கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடையில் அவனுக்கு வேலை. வால்வுக்காரன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கடலடியில் துளைத்த எண்ணெய்க் கிணற்றிலிருந்து வாயு பொங்கி வந்தால், பொத்தானை அழுத்தியதும் குழாயின் வாயை இறுக்கி மூடுகிற பெரிய வால்வு ஒன்று அங்கே உண்டு. அது ஒழுங்காக மூடுகிறதா என்று வாராவாரம் சோதிக்க வேண்டும். சோதித்தால் துளைக்கிற வேலை அரை நாள் நிற்கும். வேலை அரை நாள் நின்றால் மேலாளருக்கு மூச்சே நின்றுவிடும்.

"இன்னிக்குக் கையெழுத்தப் போடுப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். அந்த நாளை வந்ததே இல்லை.

தாளில் ஏழு கட்டம். முதல் கட்டம் வால்வுக்காரனுக்கு. பொய் எழுதக் கை வரவில்லை. மேலாளரை எதிர்க்க வாய் வரவில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதி நீட்டுவான். வால்வுக்காரன் பார்த்திருப்பான் என்று இரண்டாமவர் போடுவார். இரண்டு பேர் பார்த்துவிட்டார்களே என்று மூன்றாமவர் போடுவார். கடைசிக் கட்டம் பாதுகாப்பு அதிகாரிக்கு. அவர் வேறு யாருமில்லை, அவன் மனைவியின் அண்ணன், அந்த வேலையை வாங்கிக் கொடுத்த மச்சான். ஆறு பேர் போட்டதைச் சந்தேகப்பட்டால் மரியாதையாக இருக்குமா என்று அவரும் வளைத்து வளைத்துப் போடுவார். இப்படியே பதினோரு மாதம்.

ஒருநாள் மத்தியானம் வாயு பொங்கியது. பொத்தானை அழுத்தினார்கள். வால்வு அசையவில்லை. தீப்பற்றிக்கொண்டது. மேடையில் இருந்த முப்பத்தெட்டுப் பேரும் படகில் ஏறித் தப்பினார்கள். சமையல்காரருக்கு மட்டும் முதுகு வெந்துபோயிற்று. இன்றைக்கும் குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறார்.

விசாரணை அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆறு பேர் மேலயும் குத்தமே இல்ல. உன்ன நம்பினாங்க. நீதான் பாக்கலன்னு உன் கையாலயே எழுதியிருக்கே."

"யாராவது அதப் படிச்சிருந்தா..."

"படிக்கிறதுக்குன்னு கட்டம் இல்லையேப்பா. கையெழுத்துக்குத்தானே கட்டம்!"

வேலை போனது. மேடையைக் கொளுத்தினவன் என்று தெரு பேசியது. அவன் யாரிடமும் வாதாடவில்லை. மனைவியிடம் மட்டும் சொன்னான்: "எழுதினேன், கத்தலையே. அந்தச் சமையல்காரர் முதுகுல எனக்கும் பங்கு இருக்கு."

நாலு மாதம் கழித்து மச்சான் வீட்டுக்கே வந்தார், கையில் புதுத் தாளோடு. துறைமுகத்தில் புது மேடை தயாராக நிற்கிறதாம்.

"பாதுகாப்ப பலப்படுத்திட்டாங்க மாப்பிள்ளை. இப்ப ஒம்பது கட்டம்! உங்களுக்கும் பழைய வேலையே. எட்டுப் பேர் போட்டாச்சு, முதல் கட்டந்தான் பாக்கி. போடலைன்னா வேலை இல்ல. பக்கத்துல ஒண்ணும் கிறுக்காதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"வால்வ யாரு பாத்தா, மச்சான்?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னுதானே நாங்க போட்டோம்."

"நான் இன்னும் வேலைக்கே சேரலையே!"

"அதுக்குத்தான் கையெழுத்துக் கேக்கறேன்."

வால்வுக்காரன் தாளை வாங்கிப் பார்த்தான். ஒன்பதாவது கட்டத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து.

"இது யாரு?"

"சமையல்காரர். விபத்துல அனுபவப்பட்டவராச்சேன்னு அவருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினாங்க. முதல் கட்டம் உங்களுதுன்னதும் யோசிக்காமப் போட்டாரு, பாவம்."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பரண்மேலிருந்து பெரிய ஸ்பேனரை இறக்கினான்.

"எங்கங்க?" என்றாள் மனைவி.

"துறைமுகத்துக்கு. பாத்துட்டு வரேன்."

"அரை நாள் ஆகும் மாப்பிள்ளை!" என்று மச்சான் பதறி எழுந்தார். "மேலாளர் கேட்டா நான் என்னத்தச் சொல்றது?"

"அவர் கையெழுத்தும் இருக்கே, மச்சான். பாத்தாச்சுன்னு அவரே சொல்லுவாரு."

மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தான். மச்சான் திறந்த பேனாவை நீட்டியபடியே நிற்க, வால்வுக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து தெருவில் இறங்கினான்.