கரும்பலகை ஓரத்தில் எழுதிய சொல்

அந்த வாரம் முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சனிக்கிழமை அத்தான் வருகிறார், புது மனைவியோடு. வந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு போகப் போகிறார். அக்கா இந்தப் பிள்ளையைப் பெற்ற மறு வாரமே ஜன்னி கண்டு இறந்துபோனாள். அன்று துணியில் சுற்றி என் கையில் தந்த பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. பல் முளைத்ததும் நடந்ததும் பொய் சொல்லப் பழகியதும் என்னிடம்தான்.

அக்கா போனால் தங்கையைக் கட்டிவைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அத்தானும் அதற்காக வெகுநாள் காத்திருந்தார். மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் வேலை, குடிப்பழக்கம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்காவின் தலையணையில் படுக்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டேன். அவர் மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்காரர் வீட்டில் பெண் எடுத்தார். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“ஏட்டி, அண்ணைக்கு அவரைக் கெட்டியிருந்தா பிள்ளையும் இங்க கெடந்திருக்கும். இப்ப எதுக்குக் கெடந்து துடிக்கிய?”

நான் பிள்ளையின் பாவாடைகளை மடித்தேன், பிரித்தேன், திரும்பவும் மடித்தேன்.

நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தேன். ஆசிரியர் அறையில் எந்நேரமும் நாஞ்சில் நாடு எந்த மாநிலத்தோடு சேர வேண்டும் என்ற பேச்சுத்தான். எனக்கு அதில் மனம் போகவில்லை. அந்த வாரம் பார்த்து ஐந்தாம் பாரம் வகுப்புக்கு வந்த பாடம், வளர்ப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொற்கள். வேறு பாடம் நடத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். பிடிவாதம் விடவில்லை.

தமிழில் வளர்த்தேன் என்று ஒரே சொல்லில் பிள்ளையையும் ஆட்டையும் தாடியையும் முடித்துவிடலாம். பேணுவது, ஓம்புவது என்று இருக்கின்றன, ஆனால் யார் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? இங்கிலீஷ்காரன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறான். கோழிக்கும் ஆட்டுக்கும் ரியர், பிள்ளைக்கும் சொல்லலாம், ஆனால் அதில் தீனி வாடைதான் தூக்கலாக இருக்கும். கல்டிவேட் என்றால் அறுவடையை மனத்தில் வைத்துச் செய்வது. நிலத்தையும் செய்யலாம், நல்ல பழக்கத்தையும் செய்யலாம், காரியம் ஆக வேண்டிய பெரிய மனிதரின் சிநேகிதத்தையும் செய்யலாம். பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்காக அப்பாமார் வரப்பில் காத்துக்கிடக்கிற பிள்ளைகளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. என்கரேஜ் என்பது கை வைக்காமல் தைரியம் மட்டும் கொடுப்பது. நர்ச்சர் அப்படியல்ல, பக்கத்திலேயே இருக்க வேண்டும், காய்ச்சல் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிரிங் அப் என்று சொல்லும்போது சோற்றோடு ஒழுக்கமும் சேர்ந்துவிடுகிறது. சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் எனக்குப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் செய்திருக்கிறேன். எதுவும் எனக்கு உரிமை தரவில்லை.

கடைசியில் ஃபாஸ்டர். நல்லெண்ணத்தை ஃபாஸ்டர் செய்யலாம், நட்பைச் செய்யலாம். பிள்ளை என்று வந்தால், தான் பெறாத பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்ப்பது என்றேன். முன் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“சொந்தக்காரங்க வந்து கேட்டா திருப்பிக் குடுத்திரணுமா டீச்சர்?”

“அதெல்லாம் அகராதியில இல்ல. உட்காரு!”

எரிந்து விழுந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் வீட்டுக் கதை எதுவும் தெரியாது. பின் பெஞ்சிலிருந்து ஒரு துடுக்குக்காரி கேட்டாள், “டீச்சர், பிள்ளையப் பால் மறக்க வைக்கதுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

எல்லாரும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். வீன் என்றேன். அது இந்தப் பாடத்தில் வராது, இது வளர்க்கிற சொற்களுக்கான பாடம் என்றேன்.

“பால் மறக்காம பிள்ள எப்பிடி டீச்சர் வளரும்? எனக்க தம்பிக்கு அம்மை சென்னிநாயகம்தான் தேய்ச்சாவ. ஒரே நாள்ல மறந்துட்டான்.”

சென்னிநாயகம் கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய மருந்து. நாக்கில் பட்டால் கசப்பு அரை நாள் போகாது. மார்பில் தடவிவிட்டால் பால் குடிக்கிற பிள்ளை வாயை எடுத்துவிடும். கரும்பலகையில் இடம் இல்லாததால் வீன் என்பதை ஓரத்தில் சின்னதாக எழுதிவிட்டு மணி அடிக்கும் முன்பே வெளியே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். புதுப்பெண் வாசற்படிக்குப் பக்கத்திலேயே நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. பிள்ளை என் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது. அத்தான் கூப்பிட்டுப் பார்த்தார், மிட்டாய் நீட்டினார். பஸ்ஸுக்கு நேரமானது.

“சித்தி, நான் போமாட்டேன். நான் ஒங்ககூடத்தான் இருப்பேன்.”

தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ளத்தான் கை போனது. அணைத்தால் இன்று போகாது. நாளை வலுக்கட்டாயமாகத் தூக்கிப் போவார்கள், அங்கே போயும் என்னையே கேட்டு அழும், அந்தப் பெண்ணை ஏறிட்டும் பார்க்காது. இது எனக்கு எப்படி அந்த நிமிஷத்தில் தோன்றியது என்று தெரியவில்லை. சேலையைப் பிடித்திருந்த விரல்களைப் பிரித்துவிட்டேன்.

“போ. நீ இங்க இருந்தா எனக்கு ஒரு வேலையும் ஓடல்ல. இனி ஒனக்கு இங்க இடமில்ல.”

பிள்ளை அழவில்லை. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தது. அதுவரை பேசாமல் நின்ற புதுப்பெண் விறுவிறு என்று உள்ளே வந்தாள்.

“கொச்சுப் பிள்ளைய இப்பிடியா வெரட்டுதது? படிச்சவிய பேசுத பேச்சா இது? ஒங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இல்லியா?”

குனிந்து பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதது. அந்த வாரத்தில் முதல் முறையாக எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. பிள்ளைக்காக ஒருத்தி என்னோடு சண்டைக்கு நிற்கிறாள். அதற்குமேல் நான் யாரிடம் என்ன கேட்க?

அதன்பிறகு கிறிஸ்துமசுக்கு வருவார்கள். அவள் பிள்ளையை என்னோடு தனியாக விடமாட்டாள். நான் ஏதாவது கேட்டால் பிள்ளை அவளைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். நன்றாக வளர்ந்தது, உயரமாக, வாயாடியாக. அந்த வீட்டில் நான் கல்நெஞ்சுக்காரி. உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. சொன்னால் கசப்பு போய்விடும், பிள்ளை திரும்பி என்னிடம் ஓடி வந்துவிடும். அந்த ஆசை எனக்கு நிறையவே இருந்தது. அதனால்தான் சொல்லவில்லை.