கோயில் மரத்தில் கட்டிய ரேடியோக் கம்பி

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் போட்ட ஈர மிலாறுக் குச்சியை அடுப்பில் செருகினால் ஒரு சீறல் எழுமே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கங்காணி வீட்டு ரேடியோதான் ஞாபகத்துக்கு வரும்.

ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கூலியாட்களின் லயத்து வரிசை வீட்டில் இருந்தோம். அப்பா இல்லை. பிழைப்புத் தேடி இந்தியாவுக்குக் கப்பலேறிய அண்ணன், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவிடம், வேலை கிடைத்ததும் மெட்ராஸ் ரேடியோவுக்கு எழுதிப் போடுவதாகவும், நேயர் விருப்பத்தில் அவள் பெயர் வந்தால் தான் நன்றாக இருப்பதாக அர்த்தம் என்றும் சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து ஞாயிறுதோறும் சாயந்திரம் என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா கங்காணி வீட்டு வாசலில் போய் உட்காருவாள்.

"என்ன மீனாச்சி, மகன் பேரைக் கேக்க வந்தியா, என் பேட்டரியைத் தீக்க வந்தியா?" என்பார் கங்காணி.

"ரெண்டுக்குந்தாங்க."

சத்தம் சரியாக எடுபடவில்லை என்று, ரேடியோவின் ஏரியல் கம்பியை மாரியம்மன் கோயில் மரத்தில் உயரமாகக் கட்டச் சொன்னதும் அம்மாதான். சாமி மரமாச்சே என்று அவர் தயங்க, ஆத்தாவுக்கு என் மனசு தெரியாதா என்று கெஞ்சிக் கட்ட வைத்தாள். சில வாரம் கணீரென்று கேட்டது. பிறகு ஒரு ஞாயிறு, பெயர்களை வாசித்துக்கொண்டே வந்த குரல் "இலங்கை, மஸ்கெலியா" என்றது. அம்மா எழுந்தே விட்டாள். குரல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறப் பார்த்து, சீறலுக்குள் அமிழ்ந்துபோனது. மறுநாளும் வெறும் சீறல்தான்.

அம்மா பயந்துபோய்க் கம்பியை அவிழ்க்கச் சொன்னாள். மரத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் கொளுத்தினாள். அடுத்த நாளே ரேடியோ பேசியது. அதில்தான் அவள் உடைந்துபோனாள்.

"ஆத்தா குடுக்கத்தான் வந்தா. நாந்தான் அவ கழுத்துல கம்பியச் சுத்திட்டேன்."

அந்தப் பெயர் திரும்ப வரவில்லை. அண்ணனும் வரவில்லை. சாகும்வரை அம்மா கோயிலுக்குள் கால் வைக்காமல் படிக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டாள்.

வெகுகாலம் கழித்து, ஆசிரியையாக இருக்கும் என் மகள் சொன்னாள்: சூரியனில் எழும் சீற்றம் பூமியின் காந்தத்தை உலுக்கும்போது, வானத்தின் உச்சியில் ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அடுக்கு குலைந்துபோகுமாம், சில நாளில் தானாகவே சரியாகிவிடுமாம், அந்த வருஷங்களில் சூரியன் மிகவும் உக்கிரமாக இருந்ததாம். கம்பிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். இதைக் கேட்க அம்மா இல்லை.

கங்காணி வீடு இடிந்துவிட்டது. மரத்தையும் வெட்டிவிட்டார்கள். அன்று வரவிருந்தது எங்கள் பெயரா, மஸ்கெலியாவில் வேறொரு தாயின் பெயரா, தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். ஆத்தாமேல் எனக்குக் குறையில்லை. ஆனாலும் உள்ளே போகக் கால் வருவதில்லை. அம்மா நின்ற இடத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறேன்.