பதின்மூன்றாவது மலை

எங்கள் அச்சகத்திலிருந்து வெள்ளைப் பக்கம் வெளியே போகக் கூடாது. அது முதலாளி முகம்மது நூகு போட்ட சட்டம். அவர் விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடை வைத்திருந்த குடும்பம். சிவகாசிக்கு வந்து அச்சுத்தொழிலில் இறங்கி எத்தனையோ வருஷமாகியும், காலி மூட்டையைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. புத்தகம் என்றால் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஆர்டர் கொடுத்தவர் தந்த விஷயம் நாலு பக்கம் முன்னாலேயே தீர்ந்துவிட்டால், மிச்சமுள்ள பக்கங்களை எதையாவது போட்டு நிரப்பியாக வேண்டும். அந்த எதையாவது எழுதுகிற ஆள்தான் பாலகுரு.

சம்பளப் பட்டியலில் அவன் புரூஃப் பார்ப்பவன். அவனைக் கேட்டால் எழுத்தாளன் என்பான். தினசரி காலண்டரின் பின்னட்டையில் வரும் பல்லி விழும் பலன், கனவுப் பலன், நோட்டுப் புத்தகத்தின் கடைசியில் வரும் வாய்ப்பாடு, சமையல் குறிப்புப் புத்தகத்தின் கடைசியில் வரும் தீக்காயத்துக்கான முதலுதவி எல்லாம் அவன் கைவண்ணம். பல்லி விஷயத்தில் தாராளமாகவே கை வைத்தான். தலையில் விழுந்தால் கலகம் என்று பஞ்சாங்கத்தில் இருந்ததை, 'சிறு மனஸ்தாபம், மாலைக்குள் தீரும்' என்று திருத்தினான். ஏனப்பா இப்படி என்று கேட்டேன்.

"காலண்டர் குடுக்கது ஜவுளிக்கடை, அண்ணாச்சி. அதப் பாத்து பயந்துட்டு எவன் துணி எடுக்க வருவான்?"

எங்கள் காலண்டர் தொங்கிய வீடுகளில் பல்லியால் ஒருவருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை. அதற்காக பாலகுருவுக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தன் பேர் அச்சில் ஒரு தடவைகூட வரவில்லை என்பதுதான் அவனுடைய ஒரே மனக்குறை. எதிர் மேஜையில் உட்கார்ந்து பில் போடுகிற பாவத்துக்கு அந்தக் குறையை தினமும் நான் கேட்டாக வேண்டும்.

அவனுக்கு ஆமத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் ஊரார் காட்டில் களையெடுத்தவர்கள். இப்போது அந்த ஊரில் களையெடுக்க ஆள் கிடைக்காது, எல்லோரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். பாலகுருவின் மனைவி வள்ளித்தாயும் அப்படித்தான், ஊருக்கு மேற்கே ஒரு கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறாள். அந்தத் தெருவிலேயே வெள்ளைச் சட்டை போட்டு வேலைக்குப் போகிற ஒரே ஆள் தான்தான் என்று அவன் சொல்லிக்கொள்வான். சட்டையைத் துவைத்துப் போடுவது வள்ளித்தாய் என்பதைச் சொல்லமாட்டான்.

2003 சித்திரையில் மதுரையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. டாக்டர் சொர்ணலட்சுமி சர்க்கரை நோய்க்குப் பெயர் போனவர். தன்னிடம் வருகிறவர்களுக்கு மாத்திரையோடு மலையையும் எழுதிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தோறும் நோயாளிகளை வேனில் ஏற்றிக்கொண்டு அழகர்மலை, நாகமலை, யானைமலை, சிறுமலை என்று போய் ஏறவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு சேர்ப்பார். அப்படி ஏறிய பன்னிரண்டு மலைகளைப் பற்றி 'மதுரையைச் சுற்றி ஒரு நாள் மலைநடை' என்று ஒரு சின்னப் புத்தகம் போட விரும்பினார். எந்தப் பஸ், எந்தப் பாதை, ஏற எவ்வளவு நேரம், மேலே என்ன பார்க்கலாம் என்று ஒவ்வொரு மலைக்கும் ஒழுங்காகக் குறித்துக் கொடுத்திருந்தார். எல்லாம் சேர்ந்து நாலு ஃபாரத்துக்கு நாலு பக்கம் குறைந்தது.

பாலகுரு முதலில் தீக்காயத்துக்கு முதலுதவியைத்தான் எடுத்து வைத்தான். மலைக்குப் போகிறவனுக்குத் தீக்காயம் எதற்கு என்று நான் சொன்னேன். அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து எழுதி, மறுநாள் காலையில் பதின்மூன்றாவதாக ஒரு மலையைக் கொண்டுவந்து வைத்தான்.

அது அவன் ஊர்க் கரடு, வெறும் கற்குன்று. கல்லும் உடைமரமும் ஆட்டுப்புழுக்கையும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஊரில் அதற்குப் பேர்கூட இல்லை, கரடு என்றே சொல்வார்கள். அழகர்மலைக்குப் பக்கத்தில் அச்சாகும்போது கரடு என்று போட்டால் நன்றாயிருக்காது என்று பாலகுருவே அதற்குக் காட்சிமலை என்று பேர் வைத்தான். 'கிராம மக்கள் வயது வித்தியாசமின்றி அடிக்கடி ஏறும் மலை. உச்சியை அடையப் பத்து நிமிடம் போதுமானது. நான்கு திசைகளும் தடையின்றித் தெரியும்.' இந்த நடையில் நாலு பக்கம். கடைசி வரியில் மயில்களும் வந்துபோயின.

முதலாளி படிக்கவில்லை. எதையுமே அவர் படிப்பதில்லை, பக்கத்தை எண்ணுவதோடு சரி. டாக்டரம்மாவுக்கோ தனக்குத் தெரியாத ஒரு மலை இலவசமாகக் கிடைத்ததில் பரம சந்தோஷம். புத்தகம் நன்றாகவே போயிற்று. அடுத்த பதிப்பையும், ஆஸ்பத்திரிக்கு வேண்டிய காலண்டர் மொத்தத்தையும் நமக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்.

ஆவணியில் போன் வந்தது. டாக்டரம்மாவின் கூட்டம் வேன் பிடித்துக் காட்சிமலைக்குப் போயிருக்கிறது. ஏற ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ரிட்டயரான ஒரு பேங்க் மேனேஜர் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிஷ மலையில் இத்தனை நேரமாகியும் பாதிகூட ஏற முடியவில்லையே, இருதயம் கெட்டுவிட்டது என்று அவராகவே முடிவுசெய்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுத்துப் பார்த்திருக்கிறார். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. தப்பும் தவறுமாக அச்சடிக்கிற இடத்தில் இனி எதையும் கொடுக்கக் கூடாது என்று அவர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

முதலாளி பாலகுருவைக் கூப்பிட்டார்.

"ஏலே, கரட்ட மலைன்னு போட்ட. சரி, உன் ஊர்ப் பெருமை, இருந்துட்டுப் போகட்டும். பத்து நிமிசம்னு ஏம்லே போட்ட?"

"பத்து நிமிசந்தான் மொதலாளி ஆகும்."

"ஆர்டரே போகப் போகுது. இப்பவும் பத்து நிமிசம்னா சொல்லுத?"

"எங்க ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க மொதலாளி. பொம்பளையாளுககூட பத்து நிமிசத்துல ஏறிருவாக."

அவன் குரலில் பொய் இல்லை. அதுதான் முதலாளிக்கு எரிச்சலைக் கிளப்பியது.

"வார ஞாயித்துக்கிழமை டாக்டரம்மா மறுபடியும் வாராக. நீயே கூட்டிட்டு ஏறு. பத்து நிமிசத்துல ஏறிட்டா அம்புட்டும் சரி. இல்லன்னா திங்கக்கிழமை இங்கன வந்து நிக்காத." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்களும் போங்க. கடியாரத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

தீபாவளி சீசன் என்பதால் அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனிகளுக்கு லீவு இல்லை. நான் அவன் வீட்டுக்குப் போனபோது வள்ளித்தாய் கிளம்பிப் போயிருந்தாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் சேர்த்து எலுமிச்சம் சாதம் கிண்டி வைத்துவிட்டுப் போயிருந்தாள். பாலகுரு தேய்த்த சட்டை போட்டு, சட்டைப்பையில் பேனா செருகி, திருநீறு பூசித் தயாராக நின்றான்.

வேனிலிருந்து டாக்டரம்மாவும் ஐந்தாறு பேரும் இறங்கினார்கள். எல்லோருக்கும் தொப்பி, கான்வாஸ் ஷூ, கையில் தடி. பேங்க் மேனேஜரும் வந்திருந்தார். இமயமலைக்குப் போகிற ஏற்பாடாக இருந்தது. ஊர் நாய்கள் கரடு அடிவாரம் வரை கூடவே வந்து மரியாதை செய்துவிட்டுத் திரும்பின.

ஏறத் தொடங்கினோம். பாதை என்று சொல்ல எதுவும் இல்லை. மிதித்த கல் உருண்டது, ஒதுங்கினால் உடைமுள் சட்டையைப் பிடித்தது. பத்து நிமிஷம் ஆனபோது நாங்கள் காற்பங்குகூட ஏறியிருக்கவில்லை. பேங்க் மேனேஜர் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பாலகுருவைப் பார்த்தேன். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எப்பவும் இம்புட்டு நேரம் ஆகாது அண்ணாச்சி," என்றான் மெதுவாக. "இன்னைக்கு என்னமோ காலு வரமாட்டேங்கு."

எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, நாலு அறை அறையலாம் என்றும் வந்தது. வாய்க்கு வந்ததை எழுதிவிட்டு இப்போது காலைக் குறை சொல்கிறானே என்று நினைத்தேன். பாதி வழியில் ஒரு பாறை நிழலில் எல்லோரும் உட்கார்ந்தோம். டாக்டரம்மா தண்ணீர் குடித்துவிட்டு, நோயாளியிடம் கேட்கிற மாதிரியே நிதானமாகக் கேட்டார்.

"கடைசியா நீங்க எப்ப ஏறினீங்க?"

"போன மாசம் ரெண்டு தடவ ஏறினேன் மேடம்."

"எதுக்கு? கோயில் ஏதும் இருக்கா?"

"கோயிலெல்லாம் இல்ல. சத்தம் கேட்டுச்சு."

"என்ன சத்தம்?"

"வெடிச்சத்தந்தான் மேடம். கம்பெனிப் பக்கம் பெரிய சத்தம் கேட்டா ஊரே இதுல ஏறும். கீழ நின்னா ஒண்ணும் தெரியாது. மேல போயிட்டா பொகை எங்கன வருதுன்னு நாலு பக்கமும் பாக்கலாம். நம்மாளு வேல பாக்க கம்பெனியா இல்லையான்னு பாத்துட்டு எறங்கிருவோம்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். பேங்க் மேனேஜர் தொப்பியைக் கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அப்ப எல்லாரும் ஓடித்தான் ஏறுவீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"பின்ன, நடந்தா மேடம் ஏறுவாக?"

சொல்லிவிட்டுத்தான் பாலகுருவுக்கே உறைத்தது. கரட்டின் உச்சியை அண்ணாந்து பார்த்தான். "அண்ணாச்சி, சின்னப் பிள்ளையில இருந்து இதுல நான் நடந்து ஏறுனதே இல்ல," என்றான். பிறகு, "எனக்கு வேல போச்சு," என்றான்.

டாக்டரம்மா நல்ல மனுஷி. அவன் முகத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டு, "வேலையெல்லாம் போகாது. அடுத்த பதிப்புல 'ஓடினால்'னு ஒரு வார்த்தை சேர்த்துடலாம். சரியாயிடும்," என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தால் வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளுமா என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். தொழில் புத்தி அப்படி.

அப்போதுதான் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை அதிர்ந்தது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

தீபாவளிக்கு நாம் கேட்கிற சத்தம் வேறு. இது வயிற்றில் விழுந்தது. கீழே ஊருக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வருவது தெரிந்தது. வந்தவர்கள் நேராகக் கரட்டில் ஏறினார்கள். மாவு பிசைந்த கையோடு ஒருத்தி, பாதி முகச்சவரத்தில் சோப்பு நுரையோடு ஒருவர், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாலகுருவின் தாயார் கருப்பம்மாள். நாங்கள் தடியூன்றி வந்த கல்லையெல்லாம் அவர்கள் பார்க்கவே இல்லை. தொப்பிக்காரர்களைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் அழவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஏறுகிற மூச்சுதான் கேட்டது.

பாலகுரு எப்போது எழுந்தான் என்று நான் பார்க்கவில்லை. எல்லோருக்கும் முன்னால், செருப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தான். நானும் ஓடினேன். என் வீட்டில் யாரும் கம்பெனிக்குப் போவதில்லை. ஆனாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. எலுமிச்சம் சாதத்தைக் கிண்டி வைத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணுக்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

நான் உச்சிக்குப் போனபோது ஊர் மொத்தமும் அங்கே நின்றது. மேற்கே வள்ளித்தாய் வேலை பார்க்கிற கம்பெனி. தள்ளித் தள்ளிக் கட்டிய வெள்ளை அறைகள் வெயிலில் அப்படியே இருந்தன. புகை தெற்கே எழுந்தது. அடியில் வெள்ளையும் மேலே கறுப்புமாகத் தடித்துப் போய்க்கொண்டிருந்தது. சோப்பு நுரைக்காரர் கையைப் புருவத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கம்மாய்க்கு அங்கிட்டு," என்றார். "நம்மது இல்ல."

நம்மது இல்ல, நம்மது இல்ல என்று அந்தச் சொல் கூட்டத்துக்குள் போயிற்று. கருப்பம்மாள் வெறும் கல்லில் உட்கார்ந்து சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தி அடுப்பில் சோறு வேகிறதென்று சொல்லிச் சிரித்தாள். பாலகுருவும் சிரித்தான். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்மது இல்ல அண்ணாச்சி," என்றான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மனசு நிறைந்த சந்தோஷம். தெற்கே அந்தப் புகை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, நான் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

ஊர்க்காரர்களில் பாதிப்பேர் இறங்கிய பிறகுதான் டாக்டரம்மா மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். அவர் கையில் பாலகுருவின் செருப்பு இருந்தது.

"கீழேருந்து எல்லாரும் ஏறினதப் பாத்தேன் பாலகுரு. பத்து நிமிஷங்கூட ஆகலை. நீங்க போட்டது சரிதான். உங்க முதலாளிகிட்ட நானே பேசிடறேன்."

வேலை தப்பித்தது. பாலகுரு தலையை ஆட்டிச் செருப்பை வாங்கிக்கொண்டான். டாக்டரம்மா சுற்றிலும் பார்த்தார். மிச்சமிருந்தவர்கள் பேசிச் சிரித்தபடி இறங்கிக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மாள் வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவுக்கும் மனசு லேசாகியிருக்க வேண்டும்.

"நல்லவேளை," என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல போலருக்கு."

பாலகுரு செருப்பைப் போடாமல் கையில் வைத்தபடி தெற்கே திரும்பிப் பார்த்தான்.

"நம்மது இல்லன்னுதான் மேடம் சொன்னோம்," என்றான். "ஒண்ணும் ஆகலன்னு யாரும் சொல்லலியே."