நான் செத்துப்போன செய்தி

2005 மழையில் கொள்ளிடம் உடைத்துக்கொண்டு குமராட்சிப் பக்கம் புகுந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. ஒரு பிடி அரிசிகூட வரவில்லை. பொறுக்க முடியாமல் ஜனங்கள் சாலையை மறித்தார்கள். ஜீப்பில் வந்த அதிகாரியைப் பார்த்து அம்மா இரண்டு கைகளையும் தூக்கி, வாய்க்கு வந்தபடி சபித்தாள். யாரோ போட்டோ எடுத்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் அம்மா படம் இரண்டு பெரிய பத்திரிகைகளில் வந்தது. ஆளுங்கட்சிக்கு வேண்டிய பத்திரிகை, ‘நிவாரணம் பெற்ற மகிழ்ச்சியில் அரசை வாழ்த்தும் பெண்’ என்று போட்டது. எதிர்க்கட்சிக்கு வேண்டியது, ‘வெள்ளத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த தாயின் கதறல்’ என்று போட்டது.

அந்த ஒரே மகன் நான்.

அண்ணாகிராமத்திலிருந்து மாமா கையில் மாலையோடு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூட வாசலில் என்னைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பேப்பர்லயே போட்டிருந்தான்டா! பேப்பர்ல பொய்யா போடுவான்?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மினிபஸ் பிடித்துச் சிதம்பரம் போய், அந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையின் நிருபரைப் பிடித்தேன்.

“சார், செத்துட்டேன்னு போட்டிருக்கீங்களே, அது நான்தான்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காணோம்னுதாம்ப்பா நான் குடுத்தேன். மேல மாத்திட்டாங்க.”

“நான் காணாமலும் போவலியே!”

“சரி, இப்ப நல்லாத்தான இருக்க?”

“தப்புன்னு போடுங்க.”

“ஒருத்தன் உயிரோட இருக்கான்ங்கிறதெல்லாம் செய்தியாப்பா?” என்றவர் போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் எப்படியோ பரவி, ஆளுங்கட்சிப் பத்திரிகையின் நிருபர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்: உயிரோடு இருக்கிறேன், அரிசி வரவில்லை, அம்மா வாழ்த்தவில்லை, சபித்தாள். தலையாட்டித் தலையாட்டி எழுதிக்கொண்டார். மறுநாள் வந்தது: ‘எதிர்க்கட்சியின் புளுகு அம்பலம். நலமாக இருக்கிறேன், அரசுக்கு நன்றி: வாலிபர் பேட்டி.’ நன்றி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவே இல்லை.

கடைசியில் அரிசி வந்தபோது, டோக்கன் கொடுத்தவர் எங்களை ஒதுக்கி நிறுத்தினார்.

“ஒங்களுக்குத்தான் வந்துடுச்சே. பேப்பர்ல பாத்தனே.”

அம்மா அவர் மேசையைத் தட்டினாள். “பேப்பர்ல வந்த அரிசிய பேப்பர்லயே பொங்கித் தின்னவா?”

வரிசை சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை. டோக்கன் வாங்காமல் நகர மாட்டேன் என்று நின்று, சாயங்காலம் வாங்கித்தான் வந்தாள். கிடைத்தது மூட்டையின் அடியில் நனைந்துபோன நாற்ற அரிசி.

அடுத்த வருடம் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகு வந்த வெள்ளத்தில், முன்பு எங்கள் ஊரில் மகிழ்ச்சியை மட்டுமே பார்த்த பத்திரிகைக்குப் பட்டினி தெரிந்தது. என்னைச் சாகடித்த பத்திரிகையில் நிவாரணப் பணி சுறுசுறுப்பாக நடந்தது. வெட்கமே இல்லாமல் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்கள்.

மாமா மட்டும் பேப்பரை விடவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது, இன்னுமா இதை நம்புகிறீர்கள் என்று கேட்டே விட்டேன்.

“எல்லாத்தையுமா பொய்யா எழுதுவான்?” என்றார்.

“என்னப் பத்தி எழுதுன ரெண்டும் பொய் மாமா. அடுத்தவனப் பத்தி எழுதுறத எப்டி நம்புறீங்க?”

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நான் சாப்பிடாமல் எழுந்து பஸ் ஏறினேன்.