ஹலோவீன் தெருவுக்கு முக்காடு தைத்தவன்

என் ரண்டு கண்ணாணை, தையல் மெஷினாணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை! தையற்காரன் பொய் சொல்வது "வெள்ளிக்கிழமை கட்டாயம் தாறன்" என்கிற ஒரே இடத்தில்தான். அதைக் கடவுளே கணக்கில் எடுப்பதில்லை. கடை வைத்துச் சனத்தோடு மாரடித்த ஆட்களே, கிட்ட வாருங்கோ. உங்களுக்குத்தான் இது விளங்கும்.

டென்மார்க்கின் ஹேர்னிங் பட்டினத்தில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடுப்பட்ட பிறகு, கோபன்ஹேகனில் உடுப்புத் திருத்தும் கடை ஒன்று போட்டேன். பாதி நிலத்துக்குக் கீழே இருக்கிற கடை. யன்னலால் பார்த்தால் போகிறவர்களின் கால்தான் தெரியும். அது ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் கூடுகிற தெரு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. வாசலுக்கு வாசல் தொங்கின வானவில் கொடியைப் பார்த்து, என்ன இவ்வளவு பெயின்ற் கடை என்று யோசித்தேன்.

சவப்பெட்டி

முதல் வருசம், ஒக்டோபர் முடிகிற ஒரு பின்னேரம். யன்னலுக்கு வெளியே கறுத்த சப்பாத்துகள் வரிசையாகப் போயின. படியேறிப் பார்த்தால் சவப்பெட்டி! காவுகிறவர்களுக்கு முகம் வெளிறி, கண்ணைச் சுற்றிக் கருமை. பாவங்கள், அழுது களைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அயலில் செத்தவீடு என்றால் நாங்கள் சும்மா இருப்போமா? மெஷினை நிற்பாட்டி, கடைக் கதவைச் சாத்தி, தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். ஒருவன் தள்ளாடினான். துக்கம் தாங்கவில்லையாக்கும் என்று தாங்கிப் பிடித்தேன். அவன் வாயில் பியர் மணந்தது. துக்கத்துக்குக் குடிப்பது எங்கும் உள்ளதுதானே? எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்து மதுச்சாலை வாசலில் பெட்டியை இறக்கினார்கள். கடைசியாக முகம் பார்க்கலாம் என்று நான் குனிய, பிரேதம் எழும்பி இருந்தது. அவர்தான் அந்த மதுச்சாலையின் முதலாளி பிரெபன். அன்று ஹலோவீனாம், பேய் வேசம் போடுகிற நாளாம். என் துவாயையும் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் டேனிஷில் சொன்னதை எங்கட தமிழில் தருகிறேன்: "இவ்வளவு பேரிலயும் எனக்காக உண்மையா அழுதது நீர் ஒருத்தர்தான். உள்ள வாரும், என்ன குடிக்கிறீர்?"

பூசணிக்காய்

அடுத்த வருசம் பிரெபன் பெரிய பூசணிக்காய் ஒன்றுக்குக் கண்ணும் வாயும் வெட்டி என் கடைவாசலில் வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கடைக்காரர் காய்கறி தந்தால் என்ன செய்கிறது? வீட்டுக்குக் கொண்டுபோனேன். "விதையையும் எடுத்துத் துப்பரவாக்கித் தந்திருக்கினம், என்ன நல்ல சனமப்பா!" என்று மனிசி புகழ்ந்து, தேங்காய்ப்பால் விட்டுக் கடுகு அரைத்துக் கறியாக்கினாள்.

மறுநாள் சட்டியோடு போனால், பிரெபன் கையில் மெழுகுதிரியை வைத்துக்கொண்டு என் வாசலில் எதையோ தேடுகிறார். அவர் தேடியது என் சட்டிக்குள் இருந்தது. உள்ளே திரி கொளுத்தி வைக்கிற பேய்த்தலையாம் அது. விசயத்தைச் சொன்னதும், படியிலேயே இருந்து கறுத்த பாணைத் தோய்த்துத் தின்றார். மூக்காலும் கண்ணாலும் தண்ணி ஓடியது. "என்ர பேயைக் கொலை செய்து போட்டீர். ஆனா அது சாகேல்லை, என்ர தொண்டைக்குள்ள நிண்டு ஆடுது."

முக்காட்டின் நீளம்

இந்தத் தெருக் கொண்டாட்டத்தின் சரித்திரத்தை யாராவது எழுத வெளிக்கிட்டால் என் கத்தரிக்கோலைத்தான் விசாரிக்க வேண்டும். முந்தி இந்த மதுச்சாலைகளின் திரைச்சீலை எப்போதும் மூடியே கிடக்குமாம். உடுப்பைப் பையில் கொண்டுவந்து உள்ளேயே மாற்றி, உள்ளேயே ஆடி, பழையபடி மாற்றிக்கொண்டு போவார்களாம். ஹலோவீன் வந்தபோது மற்ற டேனிஷ்காரர், மாசியிலே பிள்ளைகள் வேசம் போடுகிற தங்கட பண்டிகை போதும், இந்த அமெரிக்கச் சாமான் எதற்கு என்று முகம் சுளித்தார்களாம். இந்தத் தெரு மட்டும் இரண்டு கையையும் நீட்டி வாங்கியது. ஊரே பேயாகத் திரிகிற நாளில், கவுன் போட்ட ஆணை ஆர் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்?

நான் வந்த காலத்திலும் எல்லாருக்கும் முக்காடு வைத்த மேலங்கிதான் வேண்டும். முக்காடு நாடிவரை தொங்க வேண்டும். ஒரு வாசலால் வெளிக்கிட்டு அடுத்த வாசலுக்குள் ஓடுவார்கள். பிறகு முக்காடு மூக்குவரை வந்தது. அப்போது நடந்தார்கள். பிறகு நெற்றிவரை. அப்போது தெருவில் நின்று கதைத்தார்கள். இப்போது வௌவால் உடுப்புப் போட்ட குழந்தைகளைத் தள்ளுவண்டிலில் கொண்டு வருகிறார்கள். லார்ஸ் என்று ஒரு ஆண் தாதி, என்னைவிட ஒன்றரை ஆள் உயரம். அவனுக்கு நான் தைத்த மேலங்கி காற்றில் எழும்பி மூன்று சைக்கிள்காரரை மூடிவிட்டது. அவர்கள் அதுக்குள்ளேயே பாலம்வரை ஓடினார்கள், கண்ணாணை! அதே லார்ஸ் அடுத்த வருசம் அந்த மேலங்கியைத் திருப்பிக் கொண்டுவந்தான். "முக்காட்டை வெட்டிவிடுங்கோ. இந்தமுறை அம்மா பஸ் பிடிச்சு வாறா. சனத்துக்குள்ள அவ என்னைக் கண்டுபிடிக்க வேணும்."

எங்கட பெடியன்

இப்படி முக்காட்டுக்கே கிராக்கி இல்லாமல் போன காலத்தில், போன வருசம் ஒருவன் வந்து முகம் முழுக்க மறைக்க வேண்டும் என்றான். கஜன். ஹேர்னிங் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசையில் துணி வெட்டின சிவபாதத்தின் மகன். தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. இங்கே எஞ்சினியர். மிக்கெல் என்கிற டேனிஷ் பெடியனோடு ஒரு வீட்டில் குடும்பமாக இருக்கிறான். தாய்க்குத் தெரியும். தகப்பனுக்குத் தெரியாது. தெரிந்தால் தகப்பன் வீட்டுக் கதவு தனக்குச் சாத்துப்படும் என்று அவனுக்குப் பயம்.

கந்தசட்டி நெருங்குகிற நேரம், சூரன் வேசம் போடுவம் என்று நான்தான் சொன்னேன். பெரிய மீசையும் கடைவாய்ப் பல்லும் வைத்த முகமூடி. "மாமா, ஒருக்கா மிக்கெலின்ர கையைப் பிடிச்சு அந்தத் தெருவால நடக்கோணும். ஆரும் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினாலும் நான் எண்டு தெரியக்கூடாது" என்று டேனிஷில் சொன்னான். "டேய், உதுக்குள்ள மூச்சு வருமோ?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு முன்னால எனக்கு எப்பவும் இவ்வளவு மூச்சுத்தான் வாறது, மாமா."

அரை அங்குலம்

ஹலோவீன் அன்று பின்னேரம் கஜனை முக்காலியில் ஏற்றி, முகமூடியும் மாட்டி, கீழ் மடிப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தேன். மினுக்கின சப்பாத்துச் சோடி ஒன்று படியால் இறங்கி வந்தது. சிவபாதம்! ஹேர்னிங்கில் ரயிலேறி, ஒரு சொல் சொல்லாமல் வந்து நிற்கிறார். மகனை ஒருக்காப் பார்க்க வந்தவராம், அதற்கு முதல் என்னிடம் ஒரு தேத்தண்ணி.

"இவர் டேனிஷ் பல்வைத்தியர், தமிழ் தெரியாது" என்று அவிழ்த்துவிட்டேன். சிவபாதம் முகமூடியைப் பார்க்கவேயில்லை. பார்த்தது மடிப்பை. "உது என்னடா தவம், கோணல்மாணலாப் போகுது?" என்று ஊசியைப் பறித்துக்கொண்டு முழங்காலில் இருந்தார். வட்டமாகச் சுற்றி வந்து முடித்தார். எழும்பிப் பின்பக்கம் போய் இரண்டு தோளையும் விரலால் அளந்தார். பிறகு கோட்டுத் தோளை நிமிர்த்த என் மேசையில் கிடந்த தோள்பஞ்சில் ஒன்றை எடுத்து இடப்பக்கத் தோளுக்குள் மட்டும் வைத்தார். கஜனுக்குச் சின்னன் முதல் சட்டை தைத்தவர் அவர்தான். பிள்ளையின் இடத்தோள் அரை அங்குலம் தாழ்வு என்று தொழிற்சாலை முழுக்கச் சொல்லிக் கவலைப்பட்டவர்.

முகமூடிக்குள்ளிருந்து "ஃபார்" என்று ஒரு சத்தம். டேனிஷில் அப்பா.

"ஆடாதை, ஊசி குத்தும்" என்றார் சிவபாதம். "வெளியில தொங்குற கொடியள் எனக்கு விளங்காதோ? கொம்மாவுக்குத் தெரியுமோ?" சூரன் தலையாட்டினான். "அதானே. எனக்குத்தான் கடைசியாச் சொல்லுறது. உந்த முகமூடி கொலருக்கு இடைஞ்சல், கழட்டு."

அந்த நேரம் பார்த்து மிக்கெல் மயில் வேசத்தோடு உள்ளே வந்தான். செட்டை ஒன்று கழன்று தொங்கியது. சனம் வெளிக்கிட்டுவிட்டது என்று சொல்லிக் கஜனின் கையைப் பிடித்தவன், முகமூடி கழன்ற அழுத முகத்தையும் பக்கத்தில் நின்ற மனிசனையும் கண்டு, கையை விடவும் தெரியாமல் நின்றான். சிவபாதம் அந்தக் கைகளைப் பார்த்தார். மயிலை மேலும் கீழும் பார்த்தார். இந்த உடுப்பை ஆர் தைத்தது என்று டேனிஷில் கேட்டார். வாடகைக்கு எடுத்தது என்றான் மிக்கெல்.

சிவபாதம் என் பக்கம் திரும்பினார். "நான் தெருவுக்கு வரமாட்டன், அதை ஒருத்தரும் கேக்காதையுங்கோ. அளவு நாடாவைத் தா தவம், அடுத்த வருசத்துக்கு உவருக்கு நான் தைக்கிறன். என்ர வீட்டுப் பிள்ளையள் வாடகை உடுப்போட தெருவில போகேலாது."

இத்தனை வருசம் பேய்களுக்குத் தைத்ததில் நான் கண்டது, பேய்களைவிட அதுகளைப் பெத்ததுகளுக்குத்தான் தெருவைக் கண்டால் அதிகம் பயம் என்பது. இதை ஆரிடமும் தாராளமாகச் சொல்லுங்கோ, ஆனால் சொன்னது நான் என்று மட்டும் மூச்சும் விடாதையுங்கோ, மயில் உடுப்பு வெட்ட அந்த மனிசன் இந்தக் கிழமை என் கத்தரிக்கோலைத்தான் கேட்டு வருகிறார்.