பாலத்தில் சொல்பேச்சு கேட்காத வண்டி

"மிதி கண்ணு, மிதி!" என்று கத்தினேன்.

"மிதிச்சுட்டுத்தானுங்ப்பா இருக்கேன்!"

போத்தனூர் ரயில்வே பாலத்தின் ஏற்றத்தில் எங்கள் கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. எஞ்சின் ஓடியது; ஆக்சிலேட்டர் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. பின்னால் வந்த லாரி ஒரு முழ இடைவெளியில் நின்றது. அந்த பிரேக் சத்தம் இன்னும் என் பிடரியில் இருக்கிறது. லைசென்ஸ் வாங்கி மூன்று மாதமே ஆன என் மகள் ஸ்டீயரிங்கை விடாமல் கண்ணாடியில் அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தேற்றவில்லை. "பிரேக்கை மிதிச்சுப்போட்டயா?" என்று கேட்டேன்.

எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

சர்வீஸ் சென்டரில் மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "யாருங்க சார் ஓட்டுனது? பாப்பாவா?" என்று சிரித்தார். "புதுசா ஓட்டறவங்களுக்குக் கால் தடுமாறுமுங்க சார்." மகள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழுதை அழித்தார்கள். காற்றுக் குழாயில் படிந்த கரியைத் துடைத்தார்கள். பழுது இல்லை என்று எழுதித் தந்தார்கள். பழுதே இல்லையென்றால் எதை அழித்தீர்கள்? அதைக் கேட்காமல், அந்த ஆளோடு சேர்ந்து சிரித்து வைத்தேன்.

மகள் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, கல்லூரிக்கு பஸ்ஸில் போகத் தொடங்கினாள்.

பத்து நாள் கழித்து நான் தனியாகக் காரமடைக்குப் போகும்போது வண்டி எனக்கும் அதையே செய்தது. இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டிய கால் இது. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, வண்டியை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

காரமடையில் கார் ஒயரிங் மட்டும் பார்க்கும் எலக்ட்ரீசியன் ஒருவர் இருக்கிறார்; வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். யார் ஓட்டியது என்று அவர் கேட்கவில்லை. ஸ்கேனரை மாட்டினார். "ஆக்சிலேட்டருல இருந்து எஞ்சினுக்கு இதுல கேபிள் இல்லீங்ணா. எஞ்சினுக்குக் காத்து உடற தகட்டை மோட்டாருதான் தொறக்குது. எவ்வளவு தொறந்துச்சுன்னு ரெண்டு சென்சார் சொல்லோணும். ரெண்டும் ஒத்துப்போகலைன்னா கம்ப்யூட்டரு வேகத்தைப் புடுங்கிப்போடும்." சொல்லிக்கொண்டே ஒயரை மெல்ல அசைத்தார். திரையில் ஒரு சென்சாரின் எண் சட்டென்று பூஜ்யமானது. ஒயர் சொருகியிருந்த கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஓர் உலோகப் பின் முழுக்கப் பச்சைக் களிம்பு.

"தண்ணி எறங்கியிருக்குது. ஏனுங்ணா, எஞ்சினைக் கழுவுனீங்களா?"

கழுவினேன். ஆயுத பூஜைக்கு, பானெட்டைத் திறந்து வைத்து, பிரஷர் பம்பால். எங்கள் ஊரில் லேத் முதல் கிரைண்டர் வரை எதுவும் குளிக்காமல் பொட்டு வைத்துக்கொள்வதில்லை. நான் வைத்த சந்தனம் எஞ்சின் மூடியில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"பொட்டு மட்டும் வெச்சாப் போதாதுங்களா? தலைக்கு வேற ஊத்தி உட்டுருக்கறீங்க!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

களிம்பேறிய கனெக்டரை வெட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தினார். தகடு எங்கே மூடுகிறது என்று கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்கினார். மேட்டுப்பாளையம் சாலையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். ஒயரை எத்தனை அசைத்தும் எண்கள் விழவில்லை. பழையதைக் காகிதத்தில் பொதிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அதை மகள் முன்னால் வைத்தேன். "என்ற தப்புத்தான் கண்ணு. நான்தான் எஞ்சினைக் கழுவுனேன். உன்னை நம்பாம அந்த சர்வீஸ் சென்டர் ஆளை நம்புனதும் நான்தான்."

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதை அந்த ஆளுகிட்டக் காட்டுனீங்களா?"

"இல்ல."

"அங்க சிரிக்கத் தெரிஞ்சுதில்லீங்ப்பா? நாளைக்கு அந்த ஆளுகிட்டயே வந்து சொல்லுங்க. நானே ஓட்டறேன். நீங்க பின்னாடி உக்காருங்க."

மறுநாள் சர்வீஸ் சென்டருக்குப் போகப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். கனெக்டர் என் கைக்குள் இருந்தது. பாலத்தின் ஏற்றம் வந்ததும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. 'மிதி' என்று மட்டும் கத்தவில்லை. வண்டி ஏறியது.